ஆமைக் குழிக்கு வார்த்த பால்

ஜெயம்மாளுக்குக் கோபம் வந்தால் ராட்டை நின்றுவிடும். திருத்தணி மலையடிவாரத்து நெசவுத் தெருவில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பொழுது விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் ராட்டையில் நூல் தார் சுற்றுகிற சத்தம் ஓயாது. நடுவில் ஓய்ந்தால், உள்ளே யாரோ வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் காதைத் தீட்டிக்கொள்வார்கள். எமர்ஜென்சி முடிந்து நாலைந்து வருஷம் ஆன பிறகு, மாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமையில் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவளுடைய நாத்தனார் ஞானம்மாள்.

ஜெயம்மாளின் ஒரே மகள் மனோரமாவுக்கு ஏழாம் மாதம். மறுநாள் முதல் ரயிலேறி, வளையலும் கட்டுச்சோறுமாக மாப்பிள்ளை வேலை பார்க்கும் கடற்கரைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வளையல் அடுக்கித் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அந்தக் கட்டுச்சோற்றுக்குத்தான் ஞானம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சும்மா கரைத்திருக்கலாம்.

"இட்டுகினு வர்றது சரி ஜெயா. வந்ததும் நேரா வூட்டுக்குள்ள உட்றாதே. நந்தியாத்தாண்ட தலை முழுவ வச்சி, கட்டிகினு வந்த பொடவைய அங்கியே உட்டுட்டு இட்டுகினு வா. ரெண்டு வருசமா அவ மிதிச்சிகினு கீறது ஆமை மண்ணு."

ராட்டை நின்றது.

"இன்னா சொன்னீங்க அண்ணி?"

"நானா சொல்றேன்? தெருவே சொல்லுது. ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"என் வூட்ல எந்த ஆமை பூந்துச்சி? நீங்க பாத்தீங்களா? வாசப்படி ஏறி வந்துச்சா, பொறக்கடையால வந்துச்சா?"

"ஆமை காக்கிறவன் பூந்தாச்சில்ல? பொண்ணு குடுத்த மறுமாசம் ஒரு தறி நின்னுச்சி. போன வருசம் அவ வயித்துல வந்தது தங்கல. இதெல்லாம் நான் சொல்லணுமா?"

"சொல்லிட்டீங்களே! அப்பறம் இன்னா சொல்லணுமான்னு கேள்வி?"

தெருவில் பாதித் தறிகள் நின்றுதான் கிடந்தன. நூல் விலை ஏறியிருந்தது, பவர்லூம் வந்திருந்தது, லுங்கிக்குக் கூலி இறங்கியிருந்தது. மற்ற வீட்டில் தறி நின்றால் அதற்கு நூல் காரணம். ஜெயம்மாள் வீட்டில் நின்றால் மட்டும் ஆமை காரணம். என்ன நியாயம் இது? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று சொல்லிப் பேசாமல் போகிறவர்கள் போவார்கள். ஜெயம்மாள் அந்த ஜாதி இல்லை. உலைமூடி இல்லாவிட்டால் அகப்பையை எடுப்பாள்.

மாப்பிள்ளை தங்கவேல் கே.ஜி.கண்டிகைக்காரன். அப்பா தறியை விற்றுவிட்டதால் பிழைப்புத் தேடி மெட்ராசுக்குப் போனவன், அங்கிருந்து வடக்கே, பொன்னேரியும் தாண்டி, சவுக்குமேட்டுக் குப்பம் என்கிற கடற்கரையில் காவலாளாக ஒட்டிக்கொண்டான். தை மாதத்திலிருந்து பங்குனி வரைக்கும் கடலாமைகள் அந்தக் கரையேறி முட்டையிடும். நாயும் நரியும் ஆளும் அள்ளிக்கொண்டு போவதற்குள் அந்த முட்டைகளைப் பொறுக்கி, சர்க்கார் போட்ட வேலிக்குள் மணலைத் தோண்டிப் புதைத்து, குஞ்சு வெளியே வந்தால் கடலில் விடவேண்டும். அதுதான் அவன் வேலை. நாலு வருஷமாகத் தினக்கூலி. இந்தப் பங்குனியில் நிரந்தரம் செய்துவிடுவதாகக் காட்டிலாகா ரேஞ்சர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வாக்கில்தான் ஜெயம்மாளின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது. புருஷன் பரந்தாமன் வேண்டாம் வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டும், 'உத்தியோகம் புருஷ லட்சணம், அதுவும் சர்க்கார் உத்தியோகம்' என்று பெண்ணைக் கொடுத்தவள் அவள். வேலை நிரந்தரமானால் தெருவின் வாய் அடங்கும். ஆகாவிட்டால் ஆமை ஜெயித்துவிடும்.

தறிக்குழிக்குள்ளிருந்து பரந்தாமன் குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் நிறுத்துங்கம்மே. தறியில நாடா ஓடற சத்தம் எனுக்கே கேக்கல."

"நீங்க வாயத் தொறக்காதீங்க. மாப்பிளைக்கு இன்னா வேலைன்னு யாராச்சும் கேட்டா 'சர்க்கார்ல கீறாரு'ன்னு முழுங்கிக்கிறீங்களே, அதுனாலதான் ஊரு இத்தினி பேசுது."

"பின்ன, ஆமைக்குக் காவலுன்னு சொல்லச் சொல்றியா? சிரிக்கமாட்டான்?"

"மில்லு வாசல்ல காவல் நிக்கிறவன் கௌரவமானவன். உசுருக்குக் காவல் நிக்கிறவனப் பாத்தா சிரிப்பா?"

இந்தச் சண்டையில் ஒரு காரியம் விட்டுப்போயிற்று. போன வருஷம் மகளின் வயிற்றில் வந்தது தங்காமல் போனதிலிருந்து, மறுபடி பிள்ளை உண்டானால் பிரசவம் ஆகிறவரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் நந்தியாற்றங்கரைப் புற்றுக்குப் பால் வார்ப்பதாக ஜெயம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமும் தவறியதில்லை. அன்றைக்குத் துள்ளுமாவு கூட இடித்துவிட்டாள். பச்சரிசியும் வெல்லமும் ஏலக்காயும் மணக்க மணக்கச் சம்புடத்தில் இருந்தது. கோபத்தில் கட்டுச்சோற்று வேலையில் விழுந்தவள் விளக்கு வைத்த பிறகுதான் நினைத்துக்கொண்டாள். இருட்டில் புற்றுக்குப் போகக்கூடாது. 'போகிற இடத்தில் புற்று இல்லாமலா போகும்' என்று சம்புடத்தை மூட்டைக்குள் வைத்துக் கட்டினாள்.

மணவூர் தாண்டும்போது ரயிலில் விடிந்தது. புளிச்சோற்று வாசனைக்கு எதிர்ப் பலகைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மெட்ராசில் இறங்கி, பஸ் பிடித்து, பொன்னேரியில் மாறி, கடைசியில் சவுக்குத் தோப்பு வழியாக நடந்து குப்பத்தை அடைந்தபோது உச்சிப் பொழுதாகிவிட்டது. பரந்தாமன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். ஞானம்மாள் செருப்பைக் கழற்றவேயில்லை. அந்த மண் காலில் படக்கூடாதாம். மணல் செருப்புக்குள் புகுந்து அவள் பாதத்தைப் பொசுக்கியது.

தோப்பு முடிந்த இடத்தில் ஒரு செத்த ஆமை கிடந்தது. அம்மிக்கல்லைவிடப் பெரியது. கண்ணைக் காக்கை கொத்தியிருந்தது.

"முருகா!" என்று ஞானம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மொத மொத கண்ணுல பட்றது இதுவா?"

அழைத்துப் போக வந்திருந்த தங்கவேல் மெதுவாகச் சொன்னான். "விசைப்படகு வலையில மாட்டிக்கும் அத்தே. மேல வந்து மூச்சு வாங்கணும் அதுக்கு. வலை உடாது. செத்ததும் தூக்கிக் கடல்லயே போட்டுட்டுப் பூடுவாங்க. இந்த வருசம் ரொம்ப ஒதுங்குது. குழி தோண்டிப் பொதைச்சி எனுக்குக் கையே பூட்டுச்சி."

அதிகம் பேசாதவன் தங்கவேல். ராத்திரி முழுக்கக் கரையில் நடப்பவனுக்குப் பகலில் கண் எப்போதும் சிவந்திருக்கும். ஜெயம்மாள் செத்த ஆமையையும் அவனையும் பார்த்தாள். சனங்களுக்குத் துரதிர்ஷ்டம் கொண்டு வருவதற்கு இதற்கு எங்கே நேரம், தன் துரதிர்ஷ்டத்தைச் சுமக்கவே சரியாயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மனோரமா குடிசை வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் கறுத்து, வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. "நைனா" என்று பரந்தாமனின் கையைப் பிடித்துக்கொண்டதும், வழியெல்லாம் முணுமுணுத்து வந்த மனுஷன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாப்பாடு பிரித்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு, வடகம். மனோரமா பக்கத்துக் குடிசையில் வாங்கிய நெத்திலியை வறுத்து வைத்திருந்தாள். ஆமை மண்ணைத் தொடமாட்டேன் என்ற ஞானம்மாள் நெத்திலியை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சாப்பிட்டதும் தங்கவேல் வேலியைக் காட்டக் கூட்டிப் போனான். சவுக்குக் கம்பும் பனை மட்டையும் வைத்துக் கட்டிய வேலி, ஒரு படல் கதவு. உள்ளே வரிசை வரிசையாகக் கூம்பிய சின்ன மணல் மேடுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குச்சி. ஓரத்து மேடு மட்டும் உச்சியில் லேசாக உள்வாங்கியிருந்தது.

"இது நாளைக்கி வெளிய வரும் அத்தே. கீழ குஞ்சிங்க அசையுது, அதான் மண்ணு எறங்கியிருக்கு."

குடிசையின் நிழலோரம் ஒரு தகரத்தொட்டி, மேலே ஈரச்சாக்கு. உள்ளிருந்து நகம் கீறுகிற மாதிரி சத்தம் வந்தது. ஜெயம்மாள் சாக்கைத் தூக்கினாள். அடியில் கொஞ்சம் மணலும் தண்ணீரும், அதற்குள் உள்ளங்கையில் அடங்குகிற கரிய குஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தகரத்தில் முட்டி, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறின.

"இன்னா மாப்பிளே இது?"

"இன்னிக்கி விடியக்காலைல வந்ததுங்க. ரெண்டு குழி."

"கடலு எதுத்தாப்ல கீது. இதுங்க எதுக்குத் தொட்டியில கெடக்குதுங்க?"

"நாளைக்கி மெட்ராஸ்லருந்து பெரிய ஆபீசரு வூட்டம்மா வர்றாங்க. அவுங்க கையால உடணுமாம், போட்டோ புடிக்கணுமாம். அதுவரைக்கும் வச்சிருன்னு ரேஞ்சர் சொல்லிட்டாரு."

"அதுவரைக்கும் தாங்குமா?"

தங்கவேல் சாக்கை நனைத்துப் பிழிந்தான்.

"கேக்கறேன்ல? தாங்குமா?"

"பொறந்த வேகத்துல கடலுக்குள்ள போயிடணும் அத்தே. அந்த வேகம் இந்தத் தகரத்துலயே தீந்துபூடும்."

"அப்ப உட்டுடேன்!"

"பங்குனி வருதே அத்தே" என்றான் தங்கவேல்.

நிரந்தரம், நிரந்தரம் என்று ஒவ்வொரு கடுதாசியிலும் எழுதச் சொன்னவள் ஜெயம்மாள்தானே. சாக்கை அவளே இழுத்து மூடினாள்.

சாயங்காலம், ராத்திரி நடைக்கு முன்னால் தங்கவேல் கண்ணயர்ந்தான். பரந்தாமன் சவுக்கு நிழலில் குறட்டை விட்டார். மனோரமா அடுப்படியில் இருந்தாள். ஜெயம்மாள் துள்ளுமாவுச் சம்புடத்தை எடுத்துக்கொண்டு புற்று தேடிப் புறப்பட்டாள். டீக்கடைக்காரி ஒரு சொம்பு ஆட்டுப்பால் கொடுத்தாள். புற்று எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குச் சிரித்தாள். கடல் மணலில் கரையான் ஏது, புற்று ஏது?

பால் சொம்போடு திரும்பி வந்தவள் வேலியருகே நின்றுவிட்டாள். பின்னாலேயே வந்த ஞானம்மாளும் நின்றாள்.

"புத்து கணக்காவே கீது ஜெயா" என்றாள் ஞானம்மாள்.

"ஆங். எனுக்கும் வந்ததுலருந்து அப்டித்தான் தோணிகினு கீது."

"உள்ள உசுரு கீறதெல்லாம் புத்துதான். ஊத்தேன். வெள்ளிக்கிழமை வேற உட்டுபூட்ட."

ஜெயம்மாள் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஓரத்து மேட்டைச் சுற்றிக் கையால் மணலைத் தட்டி ஒழுங்கு செய்தாள். குச்சிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். துள்ளுமாவைக் கை நிறைய அள்ளி உச்சியில் வைத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தாள். மணல் உறிஞ்சிக்கொண்டது. ஆமை மண்ணை மிதிக்கமாட்டேன் என்ற ஞானம்மாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் மண்டியிட்டுக் கும்பிட்டாள்.

"தாயே, நீயும் நல்லபடியா குஞ்சி பொரி. எம்பொண்ணும் நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும். ரெண்டு வயிறும் குளிரட்டும்" என்றாள் ஜெயம்மாள். மனசு நிறைந்துபோயிற்று. வெகு நாளைக்குப் பிறகு அன்று அவளுக்கு யார் மேலும் கோபமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தங்கவேலின் சத்தம் கேட்டது. அவன் சத்தம் போட்டு அவள் கேட்டதேயில்லை. பல்பொடி வாயோடு ஓடினாள். வேலிக்கடியிலிருந்து ஓரத்து மேடு வரைக்கும் செவ்வெறும்புச் சாரை. துள்ளுமாவு இருந்த இடம் தெரியவில்லை, ஒரே எறும்பு. தங்கவேல் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் மணலைத் தோண்டி வீசிக்கொண்டிருந்தான். கையெல்லாம் எறும்பு ஏறிக் கடித்ததை அவன் தட்டிவிடக்கூட இல்லை. உள்ளே குஞ்சுகள் கிடந்தன. கண்ணிலும் தொப்புளிலும் எறும்பு மொய்த்து, வெளியே வரப் பாதி வழியில் செத்திருந்தன. அடியில் ஏழெட்டு மட்டும் துடித்தன. அவற்றைத் துண்டில் வாரிக்கொண்டு, யாரையும் கேட்காமல் கடலுக்கு ஓடினான்.

திரும்பி வந்தபோது ஜெயம்மாள் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மாப்பிளே! நேத்து நான்தான் ஊத்துனேன். மாவு வச்சேன். புத்துன்னு நெனைச்சிட்டேன். ஐயோ, வயிறு குளிரணும்னு வேண்டிகினேனே!"

தங்கவேல் கையில் ஒட்டியிருந்த எறும்புகளைத் தட்டிவிட்டான். அப்புறம், "வுடுங்க அத்தே. தெரியாம பண்ணிட்டீங்க. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றான்.

அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "ஆமை நம்ம வூட்ல பூரல மாப்பிளே. நாமதான் ஆமை வூட்டுக்குள்ள பூந்து குடி கெடுத்துட்டோம்" என்று அழுதாள். ஞானம்மாள் குடிசைக்குள் புகுந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காய்ச்சல் என்றாள். ஊத்தேன் என்று தூண்டிய வாய் அன்றைக்குத் திறக்கவேயில்லை.

ஏழு மணி வாக்கில் ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கினார். சலவை மடிப்புக் கலையாத காக்கி, கையில் குட்டைத் தடி. பெரிய ஆபீசர் வீட்டு அம்மாள் முன்னால் திறந்து காட்ட வைத்திருந்த குழி நாசமானதைப் பார்த்ததும் முகம் மாறியது. தங்கவேலை அவர் திட்டிய திட்டில் குப்பமே கூடிவிட்டது. ஜெயம்மாள் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "சாமி, தப்பு என்னுது. அவரு தூங்கினு இருந்தாரு. என்னத் திட்டுங்க" என்றாள்.

"யாரு இது?"

"எங்க அத்தைங்க சார்."

"சொந்தக்காரங்களைக் கூட்டி வந்து கும்மாளம் போடறதுக்கா உன்னை இங்கே வெச்சிருக்கேன்?"

தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டு, "சார், தொட்டியில கீறதுங்களயாச்சும் இப்ப உட்டுடலாங்க. வெயில் ஏறிடுச்சின்னா..." என்றான்.

"வந்துக்கிட்டே இருக்காங்கடா. வாயை மூடிக்கிட்டு தண்ணி தெளி."

வந்துகொண்டே இருந்தவர்கள் வந்து சேரவில்லை. எட்டாயிற்று, ஒன்பதாயிற்று, மனோரமாவுக்கு வளையல் அடுக்கக் குறித்த நேரமும் போயிற்று. வெயில் மணலில் ஏறி, மணலிலிருந்து தகரத்தில் ஏறியது. ரேஞ்சர் சவுக்கு நிழலில் நாற்காலி போட்டு இளநீர் குடித்தார். தங்கவேலும் ஜெயம்மாளும் மாற்றி மாற்றித் தண்ணீர் கொண்டுவந்து சாக்கில் ஊற்றினார்கள். கீறுகிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஜெயம்மாள் ஒவ்வொரு தடவையும் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். கடல் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, அதற்கும் கிட்டத்தில் இருந்தது. தான் செய்தது அறியாமல் செய்த பாவம். இது தெரிந்தே செய்வது. நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்வது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் தோப்போரம் ஒரு வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி, காமிரா மாட்டிய ஒரு ஆள், இரண்டு உறவுக்காரப் பெண்கள். கல்யாண வீட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். ரேஞ்சர் குனிந்து குனிந்து அழைத்து வந்து சாக்கை விலக்கினார்.

"என்ன, எல்லாம் தூங்குதா?" என்றாள் அந்த அம்மாள்.

தூங்கவில்லை. பாதிக்கு மேல் செத்து மிதந்தன. மிச்சம் ஒரு காலை அசைப்பதும் ஓய்வதுமாகக் கிடந்தன.

ரேஞ்சர் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் சரளமாகவே சொன்னார். "எப்படிச் சொல்றதுன்னே தெரியலை மேடம். நேத்து இந்த ஜனங்க வந்து, புத்துன்னு நெனைச்சு, பாலை ஊத்தி மாவைக் கொட்டிட்டாங்க. எறும்பு புகுந்திடுச்சு. கஷ்டப்பட்டு மிச்சத்தை எடுத்துத் தொட்டியில போட்டு வெச்சோம்."

"அடப்பாவமே! இதெல்லாம் அதுல செத்ததா?"

"ஆமா மேடம். தங்கவேலு, சொல்லுடா. அதானே?"

தங்கவேல் மணலைப் பார்த்தான். பரந்தாமன் பின்னாலிருந்து அவன் முதுகில் விரலால் குத்தி, "ஆமான்னு சொல்லுய்யா. வேலை பூடும்" என்று கிசுகிசுத்தார். தங்கவேல் மணலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரேஞ்சரின் முகம் இறுகிக்கொண்டே போனது.

ஜெயம்மாள் குடிசைப் பக்கம் பார்த்தாள். மனோரமா வாசற்கம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்தபடி நின்றாள். பங்குனி. ஒரே ஒரு வார்த்தை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே தனக்கும் ஒரு பங்கு பாவம் இருக்கிறது, மீதிப் பழியும் சேர்ந்தால் என்ன போயிற்று?

"ஆங், நான்தாம்மா" என்றாள். "எல்லாமே நான்தான்."

சொன்னதும் வாயில் பல்பொடி கசந்த மாதிரி கசந்தது.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தாள். கோபிக்கவில்லை. அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது. "பரவாயில்லம்மா. படிப்பில்லைன்னா இப்படித்தான் ஆகும். உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. ஆனா வாயில்லா ஜீவன் பாருங்க, பாவமில்லையா? இனிமே செய்யாதீங்க, என்ன?"

"செய்யமாட்டேம்மா."

"உங்க பக்கத்துல எல்லார்கிட்டேயும் சொல்லுங்க."

"சொல்றேம்மா."

அசைகிற குஞ்சுகளில் நாலைந்தைப் பொறுக்கித் தண்ணீரில் கழுவி அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அலை தொடாத இடத்தில் நின்று மணலில் விட்டார்கள். அவை நகரக் காணோம். தங்கவேல் ஓடிப்போய் எடுத்துத் தண்ணீருக்குள் விட்டான். போட்டோவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டதால் தொட்டியில் மிச்சமிருந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரேஞ்சருக்கு உயிர் வந்துவிட்டது. தங்கவேலின் தோளைத் தட்டினார். "கவலைப்படாதே, உன் விஷயத்தை நான் பாத்துக்கறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை மேடத்தோட தங்கச்சி வீட்ல வர்றாங்களாம். இந்தத் தடவை மாதிரி கம்மியா இருக்கக்கூடாது. வெள்ளிக்கிழமையிலிருந்தே வர்றதையெல்லாம் சேர்த்து வை. ரெண்டு மூணு தொட்டி வாங்கித் தரச் சொல்றேன்."

தங்கவேலின் கண் தொட்டியிலேயே இருந்தது.

"என்னடா?"

தங்கவேல் திரும்பி ஜெயம்மாளைப் பார்த்தான். பரந்தாமனும் அவளைத்தான் பார்த்தார், கும்பிடாத குறையாக. வெள்ளிக்கிழமையிலிருந்து ஞாயிறுவரைக்கும் தொட்டிக்குள்! இதற்காகவா அந்தப் பொய்யைச் சொன்னாள்? ஒரு பாவத்தை மூடி வைத்ததற்குக் கூலி, மூன்று தொட்டிப் பாவமா?

"என் மூஞ்சிய இன்னாத்துக்குப் பாக்கற மாப்பிளே?" என்றாள். குரல் அவளை அறியாமலே உயர்ந்தது. "எனுக்கோசரம், என் பொண்ணுக்கோசரம்னு நீ ஒண்ணும் சொல்லவேணாம். இன்னிக்கி நான் சொன்ன பொய்யே நம்ம குடும்பத்துக்குப் போதும். உனுக்கு இன்னா தோணுதோ அதச் சொல்லு."

தங்கவேல் தலையை நிமிர்த்தினான். "வைக்க முடியாதுங்க சார்" என்றான். "வெளிய வந்தா விட்டுடுவேங்க."

"என்ன சொன்னே?"

"வந்த ஒடனே விட்டுடுவேங்க. யாரு வந்தாலும்."

"அப்ப நாளையிலேருந்து இங்கே வராதே. குடிசையைக் காலி பண்ணு."

காரில் ஏறப்போன அந்த அம்மாள் திரும்பினாள். ஜெயம்மாள் மணலில் கால் புதையப் புதைய நேரே அவளிடம் போய் நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் நில்லும்மா. இப்ப நான் சொன்னது பொய்யி. ஓரத்துக் குழி, அது நான் கெடுத்தது. அந்தப் பாவம் எனுக்குத்தான், என் தலைமேல வச்சிகிறேன். ஆனா இந்தத் தொட்டியில செத்துக் கெடக்குதுங்களே, இதுங்கள எறும்பு தின்னல. நேத்து விடியலேர்ந்து உனுக்காகக் காத்துகினு கெடந்துச்சிங்க. நீ கல்யாண வூட்ல டிபன் துன்னுட்டு வர்ற வரைக்கும் காத்துகினே கெடந்துச்சிங்க. நான் படிக்காதவ, புத்துன்னு நெனைச்சிட்டேன். படிச்ச நீங்க இதுங்கள இன்னான்னு நெனைச்சீங்க?"

அந்த அம்மாள் ரேஞ்சரைப் பார்த்தாள். ரேஞ்சர் இங்கிலீஷில் ஏதோ படபடவென்று சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். காரும் பின்னாலேயே ஜீப்பும் தோப்புக்குள் போய் மறைந்தன.

பரந்தாமன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "போச்சா? நாலு வருச ஒழைப்பு போச்சா? வாயி வாயின்னு சொல்வனே, அந்த வாயிதான்டி குடி கெடுத்துச்சி. மாசமாயிருக்கிற பொண்ண வச்சிகினு இவன் எங்கப் போவான்? தெருவுல கேட்டா நான் இன்னான்னு சொல்வேன்?"

"நான் சொல்லிக்கிறேன். நீங்க எழுந்திருங்க."

"எதுக்குடி?"

ஜெயம்மாள் தொட்டியைக் காட்டினாள். செத்தவற்றுக்கு நடுவே இன்னும் சில கால்கள் தகரத்தைக் கீறிக்கொண்டிருந்தன. தங்கவேல் கடலுக்கும் வேலிக்கும் நடுவில், வேலை போனவனாக, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அவன் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. அவனை அவள் கூப்பிடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டியின் ஒரு பக்கத்துப் பிடியைப் பற்றினாள். அனலாகச் சுட்டது.

"புடிங்க" என்றாள் புருஷனிடம்.

அவளையும், அவளைப் பெற்றவர்களையும், ரேஞ்சரையும், அந்த வெள்ளைக் காரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே எழுந்து வந்து, பரந்தாமன் மறு பக்கத்தைப் பிடித்தார்.